பேரனைத் தூக்கி வரும் அம்மாயியையும் கொஞ்சம் பாருங்கள்

ஒன்றே முக்கால் வயதுப் பையன், நல்ல காய்ச்சல். தூக்கிக்கொண்டு வந்தவர் அவனுடைய அம்மாயி, அம்மாவைப் பெற்ற பாட்டி. மகளும் மருமகனும் பனியன் கம்பெனியில் வேலை. காலை எட்டரைக்கு ஷிப்ட் ஏறினால் இரவுதான் வீடு.

காய்ச்சல் மருந்து எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கேட்டேன். சுருக்குப் பையிலிருந்து பாட்டிலையும் அளவு மூடியையும் எடுத்து மேசையில் வைத்தார். மூடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு.

"பக்கத்து வூட்டுப் புள்ள போட்டுக் குடுத்துச்சுங்க. அதுல இருக்கற நம்பர் எனக்குத் தெரியறதில்லீங்க. இந்தச் செவப்பு தெரியும்."

கோடு சரியான கோடுதான், ஆனால் பழைய பாட்டிலுக்கு. பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதும் கடையில் கிடைக்கும், 250 உள்ளதும் கிடைக்கும். பத்துக் கிலோ குழந்தைக்கு முதலாவதில் 6 மில்லி என்றால் இரண்டாவதில் 3 மில்லிதான். இந்த முறை கடையில் கொடுத்தது 250. இரண்டு வேளைதான் போயிருந்தது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டார்ச்சை அவர் கண்ணுக்குத் திருப்பினேன். இரண்டிலும் கண்புரை, வெள்ளையாக.

"ஆபரேசன் பண்ணோனும்னு சொன்னாங்க. ரெண்டு வருசமாச்சு. இவனை ஆருங்க பாத்துக்கறது? பள்ளிக்கூடம் போகட்டும்னு வுட்டுட்டேன்."

குழந்தை மருத்துவராக எனக்குக் கிடைக்கும் நல்ல தகவலில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பாட்டிகளிடமிருந்துதான் வருகிறது. எத்தனை முறை வயிற்றால் போனது, இருமல் படுத்தால் அதிகமா விடியற்காலையில் அதிகமா, ஒன்பதாம் மாத ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்ததா என்று எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பெற்றோர் செல்போனில் ஊசி அட்டையின் படத்தைத் தேடி எடுப்பதற்குள் பாட்டி சொல்லி முடித்திருப்பார். ஆனாலும் நாங்கள் மருத்துவர்கள் அவர்களிடம் பேசுவதைவிட அவர்களைக் கடிந்துகொண்டதுதான் அதிகம். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலிருந்து கடுமையான நச்சு நோய் வரலாம். இரண்டையும் நிறுத்தத்தான் வேண்டும். அதை மகளிடம் சொல்லி அனுப்பாமல், பாட்டியிடமே காரணத்தோடு சொல்லிப் பாருங்கள். மறுவாரம் அந்தத் தெருவே நிறுத்தியிருக்கும்.

அவர்கள் உடம்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவர்களாகவும் சொல்வதில்லை. பிரஷர் மாத்திரை சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று ஒன்றுவிட்டு ஒருநாள் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டு வீங்கி வலிக்கும் பாட்டிகள் நிறையப் பேர். குழந்தையின் அக்குளில் கைகொடுத்து, கட்டைவிரலை விரித்துத் தூக்கித் தூக்கியே அங்குள்ள தசைநாண் புண்ணாகிறது. ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் மறு கையை முதுகிலும் கொடுத்து அள்ளித் தூக்கினால் பாரம் குறையும். இன்னொன்றைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்: தும்மினால், பையனைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. நாலு துணி மாற்றிக்கொண்டு, வயசாகிவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கித் தளர்த்தும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியிலேயே பலருக்கு இது நன்றாகக் குறையும். அடி இறங்கியிருந்தால், அதாவது கருப்பை கீழே சரிந்திருந்தால், அதற்கும் வைத்தியம் உண்டு. பெண் மருத்துவரிடம் கூட்டிப்போக மகளோ மருமகளோதான் பேச்சை எடுக்க வேண்டும்.

தீபாவளிக்குச் சேலை எடுத்துக்கொடுக்காத வீடு இல்லை. அதோடு சேர்த்து நான் கேட்பது, லீவு. கண்புரை அறுவைக்குக் காசு பெரும்பாலும் தடையில்லை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை வாங்க வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு, தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மூலம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம். ஆனால் அறுவைக்குப் பிறகு சில நாள் கனம் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, சில வாரம் சொட்டு மருந்து விட வேண்டும். அந்த நாட்களில் பேரனை யார் இடுப்பில் வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் இல்லாததால்தான் இரண்டு வருடம் தள்ளிப்போகிறது.

அந்த மகளைப் போனில் அழைத்துப் பேசினேன். முதலில் அழுதார், பிறகு கணவரோடு கணக்குப் போட்டார். ஆளுக்கு ஒரு வாரம் லீவு. முதலில் வலது கண்.

அடுத்த மாதம் சளிக்குக் காட்ட வந்தபோது மருந்து மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இது அஞ்சுங்க, இது ரெண்டரைங்க" என்று படித்துக் காட்டினார் அம்மாயி. பிறகு பையனின் தலையைத் திருப்பி, காது மடலுக்குப் பின்னால் விரலை வைத்தார்.

"இங்க பாருங்க, கடுகாட்ட ஒரு மச்சம். போன வாரந்தானுங்க பாத்தேன்."