பூச்சி அரித்த காளானை நம்பலாமா?

நான்கு நாள் மழை பிடித்தால் போதும், வரப்பிலும் தோப்பிலும் காளான் முளைத்துவிடும். "பூச்சி அரித்திருந்தது டாக்டர், அதனால்தான் தைரியமாகச் சமைத்தோம்" என்று அவசரப் பிரிவில் வந்து சொல்பவர்கள் உண்டு. பூச்சிக்கு ஒத்துக்கொள்வது நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எந்த விதியும் இல்லை.

ஐரோப்பாவில், சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்த அமனிட்டா மஸ்காரியா காளானைப் பிட்டுப் பாலில் போட்டு ஈக்களை மயக்குவது பழைய வழக்கம். நரம்புச் செல்களில் வேதிச் செய்திகளை வாங்கிக்கொள்ளும் இடங்களை ஏற்பிகள் என்கிறோம். அதிலுள்ள ஐபோடெனிக் அமிலம் குளூட்டமேட் ஏற்பிகளையும், மஸ்கிமால் காபா ஏற்பிகளையும் தூண்டுகின்றன. இவ்விரு ஏற்பிகளும் ஈக்கும் உண்டு, நமக்கும் உண்டு. ஆனால் அதே அமனிட்டா குடும்பத்தில், அமானிட்டின் நஞ்சு நிறைந்த காளான்களுக்குள்ளேயே சில பழ ஈக்களின் புழுக்கள் கொழுத்து வளர்கின்றன. அந்த நஞ்சு நம் கல்லீரலை அழித்துவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது.

1869இல் அந்தச் சிவப்புக் காளானிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது மஸ்கரின் என்ற இன்னொரு நஞ்சு. நரம்பியலில், அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளை வாங்கும் ஒரு வகை ஏற்பிகளுக்கே அதன் பெயர்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காளானில் மஸ்கரின் மிகச் சொற்பம். இனோசைபி, கிளிட்டோசைபி என்ற வேறு காளான் இனங்கள் சிலவற்றில்தான் அது ஏராளம்.

அவற்றைத் தின்றவருக்குப் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் வியர்வை கொட்டும், எச்சில் வழியும், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், நாடித்துடிப்பு குறையும். பூச்சிமருந்து குடித்தவரைப் போலவே இருப்பார். நான் முதலில் தசைகளைப் பார்ப்பேன். பூச்சிமருந்தில் தோலுக்கடியில் தசைகள் துடிதுடிக்கும். மஸ்கரினில் அது இருக்காது. இரண்டுக்கும் அட்ரோபின் என்ற முறிமருந்து கேட்கும். சிவப்புக் காளானுக்கோ, பெயரை மட்டும் நம்பி அட்ரோபின் போட்டால் குழப்பமும் பிதற்றலும் கூடலாம்.

எனக்கு இதைவிடப் பயம் தருவது தாமதமாக வரும் வாந்திபேதி. சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்துத் தொடங்கினால் அமானிட்டினைச் சந்தேகிக்க வேண்டும். மறுநாள் வயிறு அடங்கியதும் "சரியாகிவிட்டது" என்று வீட்டுக்குக் கிளம்புவார்கள். கல்லீரல் கெடத் தொடங்குவதே அப்போதுதான்.

மிச்சக் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் பையில் அழுகிவிடும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அதே குழம்பைச் சாப்பிட்ட அனைவரையும், நன்றாக இருப்பவர்கள் உட்பட, கூடவே அழைத்து வாருங்கள்.