பெருந்தொற்றுக் காலத்து நுழைவுத் தேர்வு: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை குறித்து ஆலோசனை வழங்குவது என் தொழில். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த வருஷம் தேர்வு உண்டா, இல்லையா மேடம்?" அறிவிப்பு வராத நிலையில் உறுதியான பதில் எதையும் நான் சொல்ல முடியவில்லை. அந்த மூன்று மாதக் காத்திருப்பு எல்லாக் குடும்பங்களையும் ஒரே அளவில் பாதிக்கவில்லை என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

ஸ்டைவசண்ட், பிராங்க்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் உள்ளிட்ட எட்டு அரசுப் பள்ளிகளில் இடம் கிடைப்பது எஸ்.எச்.எஸ்.ஏ.டி. (சிறப்பு உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கைத் தேர்வு) என்ற ஒரே தேர்வின் மதிப்பெண்ணைப் பொறுத்தது. மூன்று மணி நேரத்தில் ஆங்கிலத்தில் 57, கணிதத்தில் 57 என 114 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். பள்ளி மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், நேர்காணல் எதுவும் கணக்கில் வராது. மேற்சொன்ன மூன்று பள்ளிகளுக்கும் இது 1971-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது என்பதால், நகர நிர்வாகம் விரும்பினாலும் தானாகத் தேர்வைக் கைவிட்டிருக்க முடியாது. ஆகவே தேர்வு நடந்தே தீரும் என்பது சட்டம் அறிந்தவர்களுக்கு ஓரளவு தெரிந்திருந்தது. தெரியாதவர்கள், அறிவிப்பு இல்லாததையே தேர்வு இல்லை என்பதற்கான அறிகுறியாக எடுத்துக்கொண்டார்கள்.

அதுவரை வழக்கமாக அக்டோபர் இறுதியில் நடந்துவந்த அந்தத் தேர்வு குறித்து டிசம்பர் 18 அன்றுதான் அறிவிப்பு வந்தது. பதிவு டிசம்பர் 21-இல் தொடங்கி ஜனவரி 15-இல் முடிந்தது. தேர்வு ஜனவரி 27 முதல் அவரவர் நடுநிலைப் பள்ளியிலேயே நடத்தப்பட்டது. பதிவுக்குக் கிடைத்த நாட்களில் ஏறத்தாழப் பத்து நாட்கள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறையில் கழிந்தன. இணையதளத்தில் கணக்குத் தொடங்கப் பள்ளியிலிருந்து ஒரு குறியீட்டு எண் பெற வேண்டும். விடுமுறையில் அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லை. நவம்பரில் மூடப்பட்ட நடுநிலைப் பள்ளிகள் பிப்ரவரி 25 அன்றுதான் வகுப்புகளுக்காகத் திறந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மாதக்கணக்கில் வீட்டுத் திரையின் முன் படித்த பதின்மூன்று வயதுக் குழந்தைகள், வகுப்பு நடக்காத கட்டடத்துக்குள் முகக்கவசத்துடன் நுழைந்து, தம் வாழ்வின் மிகப் பெரிய தேர்வை எழுதினார்கள்.

அந்த ஆண்டு ஏறத்தாழ 23,500 பேர் தேர்வெழுதினார்கள். முந்தைய ஆண்டைவிட இது சில ஆயிரம் குறைவு. இடம் கிடைத்தவர்களில் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்ட மாணவர்கள் ஏறக்குறைய 9 விழுக்காடு மட்டுமே. நகரின் அரசுப் பள்ளிகளிலோ அவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். ஸ்டைவசண்டில் வழங்கப்பட்ட 749 இடங்களில் கறுப்பின மாணவர்களுக்குக் கிடைத்தவை 8. இந்த இடைவெளி பெருந்தொற்றுக்கு முன்பும் இருந்தது. ஆனால் வராமல் போன அந்தச் சில ஆயிரம் பேரில் எத்தனை பேர் தகுதியின்மையால் அல்லாமல், தகவலின்மையால் விடுபட்டார்கள் என்ற கேள்வி என்னை இன்றும் உறுத்துகிறது.

மற்ற ஊர்கள் வேறு வழியில் சென்றன. 2020 அக்டோபரில் பாஸ்டன் தன் மூன்று தேர்வுப் பள்ளிகளுக்கும் நுழைவுத் தேர்வை ஓராண்டுக்கு நிறுத்தி, 20 விழுக்காடு இடங்களை நகர அளவிலான பள்ளி மதிப்பெண் வரிசையிலும், மீதியை அஞ்சல் குறியீட்டு எண் வாரியாகவும் வழங்கியது. சான் பிரான்சிஸ்கோவின் லோவெல் பள்ளி குலுக்கலுக்கு மாறி, 2023-இல் மதிப்பெண் அடிப்படையிலான பழைய முறைக்கே திரும்பியது. நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் வசிக்கும் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியில், தாமஸ் ஜெஃபர்சன் பள்ளி தேர்வையும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் அடியோடு நீக்கி, ஒவ்வொரு அரசு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 விழுக்காட்டுக்கு இடம் ஒதுக்கியது. அங்கே ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த ஏழை மாணவர் பங்கு ஒரே ஆண்டில் 25 விழுக்காடானது. ஆசிய வம்சாவளி மாணவர் பங்கு 73-லிருந்து 54 ஆகக் குறைந்தது. இதை எதிர்த்த வழக்கை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் மறுத்துவிட்டது.

தேர்வு வேண்டும் என்ற பக்கத்தில்தான் நான் நிற்கிறேன்; ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பள்ளி மதிப்பெண்ணை மட்டும் நம்புவதில் உள்ள சிக்கலை அந்த ஆண்டே காட்டிவிட்டது: 2020 வசந்த காலத்தில் நியூயார்க் நடுநிலைப் பள்ளிகள் வழக்கமான மதிப்பெண்ணைக் கைவிட்டு, தேவையான தரத்தை எட்டினாரா என்று மட்டும் குறித்தன, மாநிலத் தேர்வுகளும் ரத்தாயின. என் நிபந்தனை என்னவென்றால், யாரும் விண்ணப்பிக்காமலேயே ஒவ்வொரு எட்டாம் வகுப்பு மாணவரும் தன் பள்ளியில், பள்ளி நாளில் தேர்வெழுத வேண்டும், விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம். ஃபுளோரிடாவின் பிரோவர்ட் கவுண்டியில், மீத்திறன் மாணவர் திட்டத்துக்கு ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த குழந்தைகளை மட்டும் சோதிக்காமல் எல்லாக் குழந்தைகளையும் சோதித்தபோது, அதுவரை கண்ணில் படாத ஏழைக் குழந்தைகளும் சிறுபான்மை இனக் குழந்தைகளும் கணிசமாகத் தேர்வானார்கள். ஜனவரி 2021-இல் நியூயார்க் இதன் பாதியைச் செய்தது: தேர்வைக் குழந்தையின் பள்ளிக்கே கொண்டுவந்தது, ஆனால் பதிவு என்ற வாசலை அப்படியே விட்டுவிட்டது.

பெற்றோருக்கு நடைமுறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை. எனவே ஒரு வினாவையும் வெறுமையாக விடக் கூடாது. 114 வினாக்களில் 20 சோதனைக்காகச் சேர்க்கப்பட்டவை, அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் அவை எவை என்று மாணவருக்குத் தெரியாது. ஆகவே விசித்திரமாகத் தோன்றும் ஒரு வினாவில் பத்து நிமிடம் செலவிடுவதைக் குழந்தைகள் தவிர்க்கப் பழக வேண்டும். அந்தக் குளிர்காலத்துப் பயிற்சித் தாள்களில் நான் கண்ட ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. கணிதப் பகுதியில் ஐந்து வினாக்களுக்கு விடை எண்ணை மேல் கட்டத்தில் எழுதி, அதன் கீழுள்ள வட்டங்களைப் பென்சிலால் நிரப்ப வேண்டியிருந்தது. பல மாதங்களாகத் திரையில் தட்டிப் பழகிய மாணவர்கள் எண்ணைத் தெளிவாக எழுதிவிட்டு, வட்டங்களை நிரப்பாமலேயே அடுத்த வினாவுக்குச் சென்றிருந்தார்கள். இயந்திரம் படித்ததோ வட்டங்களை மட்டும். கணக்குத் தெரியாததால் அல்ல, காகிதப் பழக்கம் விட்டுப்போனதால் மதிப்பெண் இழக்கவிருந்த குழந்தைகள் அவர்கள்.

2025 இலையுதிர் காலத்திலிருந்து இதே தேர்வு கணினி வழிக்கு மாறியிருப்பதால், சிக்கல் இப்போது தலைகீழாகியிருக்கிறது: வீட்டில் கைப்பேசி மட்டுமே உள்ள குழந்தை, நீண்ட ஆங்கிலப் பத்தியைத் திரையில் நகர்த்திப் படித்து விடையளிக்கப் பழக இடமில்லாமல் தவிக்கும். பொது நூலகக் கணினியில் வாரம் ஒருமுறையாவது மூன்று மணி நேரம் முழுமையாக அமர்த்திப் பழக்குங்கள். உங்கள் குழந்தை ஆங்கிலம் கற்றுவரும் மாணவராகப் பள்ளியில் பதிவாகியிருந்தால், தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்குமா என்பதைப் பள்ளி ஆலோசகரிடம் செப்டம்பரிலேயே கேட்டு, எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.