ஒரு கிளை மட்டும் துளிர்க்கவில்லையா? அடிமரத்தைப் பாருங்கள்

வீட்டு மரங்களைப் பார்த்து ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. மாசி மாதம் வந்தால் போனில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "வேப்பமரம் மொட்டையாயிடுச்சு சார், வெட்டிடலாமா?"

வெட்டாதீர்கள். வேம்பு பழுத்த இலைகளைக் கொட்டும் காலம் இது. பங்குனியில் செம்பு நிறத்தில் துளிர்விட்டு, சித்திரை வாக்கில் பூத்துவிடும். வாதாம் இலை சிவந்து உதிர்வதும், மாங்கொழுந்து தாமிர நிறத்தில் துவண்டு தொங்குவதும் நோயில்லை. மழைக்காலத்தில் நுனி கருகிய வேம்புகூடப் பெரும்பாலும் இப்போது மீண்டு துளிர்க்கும். 2021இல் தெலங்கானாவில் இந்த நுனிக்கருகல் பரவலாக வந்தது. அது பூஞ்சையால் வரும் நோய். தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும் சேர்ந்துகொண்டால் பாதிப்பு கூடும்.

எல்லாக் கிளையும் துளிர்த்து, ஒன்று மட்டும் சும்மா நின்றால்தான் கவனம் தேவை. அதன் நுனிக் குச்சியை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பொறுங்கள். பழுப்பாக வறண்டிருந்தால், பச்சை தெரியும்வரை கீழ்நோக்கிச் சுரண்டிக்கொண்டே வாருங்கள். கிளை எதுவரை காய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் அடிமரத்துக்கு வாருங்கள். மாமரத்தில் ஒரு கிளை மட்டும் மஞ்சளித்துக் காய்ந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் தண்டுத் துளைப்பான்தான். நீண்ட கொம்புள்ள சாம்பல் நிற வண்டு பட்டை இடுக்கில் முட்டையிடும்; புழு உள்ளே புகுந்து கட்டையைத் தின்னும். பட்டையில் ஓட்டை, அதிலிருந்து வழியும் சாறு, கீழே மரத்தூள் மாதிரி எச்சம் ஆகியவை அடையாளம். வாசல் பெருக்கும்போது அந்தத் தூளையும் தினமும் சேர்த்துக் கூட்டிவிடுவதால், பல வீடுகளில் மாதக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை. புழு மேலாக இருந்தால் வளைந்த கம்பியை விட்டு வெளியே இழுத்து, ஓட்டையைக் களிமண்ணால் அடைக்கலாம். ஆழமாகப் போயிருந்தால் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு மருந்து வையுங்கள். தோன்றியதை ஊற்றாதீர்கள்.

காய்ந்த பகுதியை வெட்டியதும் காயத்தில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்துக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. சுத்தமான இரும்புக் கத்தியைக் கலவையில் முக்கிப் பாருங்கள். செம்புக் கறை படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள்.

பூச்சியைவிட எனக்கு அதிக வருத்தம் தருவது சிமென்ட். அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் சற்று விரிந்து தெரிய வேண்டும். மின்கம்பம் நட்டது போல நேராக இறங்கினால், மேலே மண்ணோ கான்கிரீட்டோ ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வேருக்குக் காற்றும் நீரும் போகாது, மூடிய பட்டை அழுகும். அடியை ஒட்டிய மண்ணைக் கையால் விலக்கி, தளத்தை முடிந்தவரை அகலமாக உடைத்தெடுங்கள். தண்ணீரை அடிமரத்தில் ஊற்றாமல், கிளைகளின் நிழல் விழும் விளிம்பை ஒட்டி விடுங்கள். உறிஞ்சும் வேர்கள் அங்கேதான் அதிகம்.

அடிமரத்தைத் தட்டினால் பொந்துச் சத்தம் வந்தாலோ, அடியில் காளான் முளைத்திருந்தாலோ, வீட்டுப் பக்கம் சாயும் கிளைகளைக் கோடை மழைக்காற்று தொடங்குமுன் அனுபவமுள்ளவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.