கிளாரினெட் ஏன் பஞ்சமத்துக்குத் தாவுகிறது?

அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜிம்மி ஜூஃப்ரியின் ‘ஃப்ரீ ஃபால்’ ஆல்பத்தில், மேற்கத்தியத் துளைக்கருவியான கிளாரினெட் மட்டும் ஒலிக்கும் இடங்களிலும் இரண்டு பேர் மாறிமாறி ஊதுவது போலக் கேட்பது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 1962இல் அமெரிக்காவில் பதிவான அந்த ஃப்ரீ ஜாஸ் (வகுத்த கட்டுகளுக்குள் அடங்காத ஜாஸ்) ஆல்பத்தில் பியானோவுக்குப் பால் பிளேயும் பேஸுக்கு ஸ்டீவ் சுவாலோவும் உடனிருந்தாலும், பல பகுதிகளை ஜூஃப்ரி தனியாகவே ஊதுகிறார். ஓர் இரவு வாசித்ததற்கு ஆளுக்கு 35 சென்ட் மட்டுமே கிடைக்க, அந்த மூவர் குழு கலைந்துபோனது.

கேள்விக்கு வருவோம். கிளாரினெட்டின் ஊதுமுனை, சீவாளி (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) இருப்பதால், ஒலியைப் பொறுத்தவரை மூடிய முனைதான். அங்கிருந்து புறப்படும் அழுத்தத் துடிப்பு திறந்த முனையைத் தொட்டதும் அழுத்தக் குறைவாக மாறித் திரும்புகிறது. சீவாளியில் மோதி மறுபடியும் போய்வரும்போதுதான் பழையபடி அழுத்தமாகிறது. ஒரு சுற்று முடியக் குழாயை நான்கு முறை கடந்தாக வேண்டும். இருபுறமும் திறந்த குழாய்க்கு இரண்டு முறை போதும். மேற்கத்தியப் புல்லாங்குழலும் பி ஃப்ளாட் கிளாரினெட்டும் ஏறத்தாழ ஒரே நீளமாயிருந்தும், முன்னது 262 ஹெர்ட்ஸோடு (நொடிக்கு 262 அதிர்வுகள்) நின்றுவிட, பின்னது 147 வரை இறங்குவது இதனால்தான்.

இத்தகைய உருளைக் குழாயில் அடிப்படை அதிர்வெண்ணின் ஒற்றைப்படை மடங்குகளே வலுவாக நிலைகொள்ளும். தாழ்ந்த சுரங்களில் இரட்டைப்படை மடங்குகள் நலிந்திருப்பதால் நாதம் உள்ளீடற்ற மூங்கிலைப் போல ஒலிக்கிறது. மேலே போகப்போக அந்தச் சாயல் மறைகிறது. வாசகர் கேட்ட ‘இரண்டாவது ஆள்’ பெரும்பாலும் நாதத்தின் இந்த நிறமாற்றம்தான்.

தாழ்ந்த சுரத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகும் தாவலுக்குக் காரணம், இடது கட்டைவிரலால் திறக்கப்படும் சுமார் 3 மி.மீ. துளை ஒன்று. அதைத் திறக்கும் சாவியை அழுத்தினால் அடிப்படை அதிர்வு குலைந்து, மூன்றாம் மடங்கு அதன் இடத்தைப் பிடிக்கிறது. 147 என்பது 440 ஆகிறது. சட்ஜத்தில் இருந்தவர் மேல் சட்ஜத்தைத் தாண்டி, மேல் ஸ்தாயி பஞ்சமத்தில் போய் இறங்குகிறார். கூம்பாக விரியும் சாக்ஸபோனிலும் நாகஸ்வரத்திலும் மேல் சட்ஜமே வரும்.

அந்தத் துளை, அதிரும் காற்றுக் கம்பத்தின் நீளத்தில், சீவாளியிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் இருக்க வேண்டும். ஆனால் விரல் மாறும்தோறும் நீளமும் மாறுகிறதே! எல்லாச் சுரங்களுக்கும் ஓர் இடம் என்று சமரசம் செய்து, போதாக்குறைக்கு நடுவிலுள்ள ஒரு பி ஃப்ளாட் சுரத்தையும் அதே துளையின் தலையில் கட்டியிருக்கிறார்கள். அது மட்டும் தொண்டை கட்டியது போல வரும். மற்ற இசைஞர்கள் பயிற்சியால் மறைக்கும் இந்த ஒட்டுப்போட்ட இடங்களை, ஜூஃப்ரியின் தாவல்கள் காதுக்கு நேராகக் கொண்டுவந்து வைக்கின்றன.