மொட்டை மாடி பார்பிக்யூ: தட்டு இருக்கட்டும், கரியைப் பாருங்கள்

கோடை விடுமுறை தொடங்கியதும் சென்னை அடுக்ககங்களின் மொட்டை மாடிகளுக்கு பார்பிக்யூ அடுப்புகள் ஏறிவிடுகின்றன. குடியிருப்புகளுக்குக் குப்பை மேலாண்மை ஆலோசனை சொல்வது என் வேலை. "சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாம பண்ணணும் சார், பாக்குமட்டைத் தட்டு ஆர்டர் பண்ணிட்டோம்" என்று சங்கத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ராத்திரியின் மொத்தப் பாதிப்பில் தட்டின் பங்கு கொஞ்சம். அடுப்பில் எரிவதும் அதன் மேல் வேகிறதும்தான் பெரும்பங்கு. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கரியிலிருந்து தொடங்குவோம். நம் ஊரில் மூட்டையில் கிடைக்கும் அடுப்புக்கரியில் நிறைய, சீமைக்கருவேல மரத்தில் எடுத்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் கரிமூட்டம் போடுவார்கள். விறகைக் குவித்து அடுக்கி, மண் பூசி மூடி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் உள்ளுக்குள் வேக விடுவார்கள். ஒரு கிலோ கரிக்கு ஐந்தாறு கிலோ விறகு போய்விடும். மீதியெல்லாம் புகை, அதில் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் உண்டு. கரி அடுப்பின் கார்பன் கணக்கு, அதாவது அதனால் வெளியாகும் பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் மொத்த அளவு, சமையல் எரிவாயு அடுப்பைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று 2009இல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வு சொன்னதற்கு, கரி எடுப்பதிலேயே ஏற்படும் இந்தச் சேதாரமும் ஒரு முக்கியக் காரணம்.

சீமைக்கருவேலத்துக்கு ஒரு சமாதானம் சொல்லலாம். அது நம் மண்ணை ஆக்கிரமித்த அந்நிய மரம். இப்படிப்பட்ட தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. எப்படியும் வெட்ட வேண்டியதுதான் என்பதால், எந்தக் காட்டு மரம் என்றே தெரியாத கரிக்கு இது எவ்வளவோ தேவலை. கொட்டாங்குச்சிக் கரியும் கழிவிலிருந்து வருவதுதான். ஆனால் அதைக் குழியில் சுட்டுத் தண்ணீர் ஊற்றி அணைப்பதால் கிணற்று நீர் கெடுகிறது என்று காங்கேயம் பக்கத்து விவசாயிகள் புகார் சொல்லி வந்திருக்கிறார்கள். 'இயற்கையானது' என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

அடிக்கடி சுடுகிற குடும்பம் என்றால் கேஸ் கிரில் வாங்குங்கள் என்பேன். வருஷத்துக்கு ஒரு முறை என்றால் கரியே இருக்கட்டும், அளவோடு. ஒரு கிலோ இறைச்சிக்கு ஒரு கிலோ கரி தாராளம். நான் பார்க்கிற இடங்களில் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு கொட்டிவிட்டு, கடைசியில் யாரோ ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அணைக்கிறார்கள். மூடி உள்ள அடுப்பு என்றால் மூடியைப் போட்டு, காற்றுத் துளைகளை அடைத்துவிடுங்கள். கரி தானாக அணைந்துவிடும், அடுத்த முறைக்கும் ஆகும்.

பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் திறந்த பழைய தகர டின் ஒன்றின் அடி ஓரத்தில் ஆணியால் சுற்றிலும் ஓட்டை போட்டு, சற்று மேலே இரும்புக் கம்பிகளைக் குறுக்கே செருகுங்கள். கம்பிக்குக் கீழே தேங்காய் நாரும் காகிதமும், மேலே கரி. நாரில் நெருப்பு வைத்தால் கால் மணி, இருபது நிமிஷத்தில் மேல்கரியிலும் சாம்பல் பூத்துவிடும். அதற்குப் பிறகே இறைச்சியை வையுங்கள். புகை அடங்கியிருக்கும், பக்கத்து வீட்டுக்காரரும் சண்டைக்கு வர மாட்டார்.

இனி மேலே வேகிறது. ஆடு அசைபோடும் விலங்கு. அது விடும் ஏப்பத்தில் மீத்தேன் இருக்கிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த வாயு கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மட்டனைக் குறைத்துக் கோழியைக் கூட்டினாலே பெரிய வித்தியாசம். சைவக்காரர்களுக்கு ஒரு சின்னச் செய்தி: ஒரு கிலோ பனீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் வேண்டும், மாடும் அசைபோடும் பிராணிதான். காளான், சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அன்னாசி எல்லாம் தணலில் அருமையாக வரும்.

மீன் என்றால் நாள்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடும் அவகாசம் அது. அந்த நாள்களில் வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் வெகு தூரத்திலிருந்து ஐஸில் வந்ததுதான் பெரும்பாலும் கிடைக்கும். நாட்டுப்படகில் வந்த கானாங்கெளுத்தியைக் கேட்டு வாங்கி, மசாலா தடவி, வாழையிலையில் சுற்றிச் சுடுங்கள். அலுமினியத் தாள் தேவையில்லை.

தட்டைப் பற்றிச் சுருக்கமாக. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் சேர்த்தி. 'பேப்பர்தானே' என்று வாங்கிவிடாதீர்கள். தெருமுனையில் வாடகைப் பாத்திரக் கடை இருந்தால் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் எடுங்கள், பாக்குமட்டையைவிட அது மேல். தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் போதும், குட்டி பாட்டில் வேண்டாம்.

அப்புறம், நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வது சாம்பலைப் பற்றி. மேலே வெள்ளையாக ஆறியது போலத் தெரியும், உள்ளே கனல் மறுநாள் வரை கிடக்கும். குளிர்கிறது என்று அந்த அடுப்பை அறைக்குள் கொண்டு போகவே கூடாது. மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கொடைக்கானல் விடுதி அறையில் 2024இல் அப்படி உயிர்கள் போயின. குப்பைத் தொட்டியில் கொட்டினாலும் வண்டிக்குள் இருக்கும் காய்ந்த குப்பை பற்றிக்கொள்ளும், ஆபத்து தூய்மைப் பணியாளருக்கு. மூடியுள்ள இரும்பு டப்பாவில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, கையால் தொட்டுப் பார்த்து, பிறகு கொடுங்கள். மண்ணெண்ணெய் படாத மரக்கரிச் சாம்பல் என்றால் பாத்திரம் துலக்க எடுத்து வைத்துக்கொள்ளலாம்.