ஆள் மாறிக் கைது: நீதிமன்றம் எதைக் கேட்கிறது?

அமெரிக்காவில் வேறு யாருக்கோ போட்ட வாரண்டில் கைதாகி வெளியே வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "தப்பு அவங்க மேலதானே, கேஸ் போட்டா ஜெயிச்சிடலாம் இல்லையா?" கோபம் நியாயமானது. ஆனால் போலீஸ் செய்தது தவறா என்பதோடு நீதிமன்றம் நிற்பதில்லை. அந்த நேரத்தில் கையில் இருந்த தகவலை வைத்து, விவரமுள்ள ஓர் அதிகாரி அப்படி நம்ப இடமிருந்ததா என்று பார்க்கிறது. அரசியல் சாசனத்தின் 4வது திருத்தம் தடுப்பது நியாயமற்ற கைதைத்தான்.

1971இல் வந்த ஹில் எதிர் கலிபோர்னியா வழக்கைப் பாருங்கள். ஹில்லைப் பிடிக்கப் போலீஸிடம் போதிய காரணம் இருந்தது. அவர் வீட்டுக் கதவைத் திறந்தவரோ மில்லர். அங்க அடையாளம் ஒத்துப்போனது. "நான் ஹில் இல்லை" என்றார், அடையாள அட்டையும் காட்டினார். ஆனால் அறையில் துப்பாக்கி ஒன்று வெளிப்படையாகக் கிடந்தது. அதைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்றார். கைது செய்துவிட்டார்கள். அது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம்: நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, போதிய சாத்தியம் இருந்தால் போதும்.

அந்த வாசலில் நடந்ததை என்னால் ஏற்க முடிகிறது. தேடப்படுகிறவரும் பொய் அட்டை நீட்டலாம். ஸ்டேஷனுக்குப் போன பிறகு நடப்பதுதான் எனக்கு உறுத்தல்.

1979இல் முடிவான பேக்கர் எதிர் மெக்கோலன் வழக்கில், அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் மற்றவர் பெயரில் ஓட்டுநர் உரிமம் வாங்கி, அதில் தன் படத்தை ஒட்டி, அந்தப் பெயரிலேயே கைதாகி ஜாமீனில் போய்விட்டார். 1972 டிசம்பர் 26 அன்று சிவப்பு விளக்கைத் தாண்டியதற்காக டல்லஸில் நிறுத்தப்பட்டவர் நிஜப் பெயர்க்காரர். வாரண்ட் அவர் பெயரில் நின்றது. வேறொரு மாவட்டச் சிறைக்கு மாற்றி, ஜனவரி 2 அன்றுதான் கோப்பில் இருந்த படத்தோடு ஒப்பிட்டார்கள். ஆள் வேறு என்று தெரிந்து அன்றே விட்டார்கள். அந்த மாவட்டம் வைத்திருந்த 3 நாள் அரசியல் சாசன மீறலாகாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. கோப்பில் படம் இருந்தும் யாரும் அதைப் புரட்டவில்லை! நீதிபதி ஸ்டீவன்ஸின் மாறுபட்ட தீர்ப்பின் பக்கம்தான் நான். ஆனாலும் பெரும்பான்மை ஒரு வாசலை மூடவில்லை: நிரபராதி என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லியும் அடைத்தே வைத்திருந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் அது உரிமை மீறலாகலாம்.

அந்த வாசல் வழியாக வந்தது கார்சியா எதிர் ரிவர்சைடு கவுண்டி (கவுண்டி என்றால் மாவட்டம்) வழக்கு. முதல் பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி எல்லாம் பொருந்தின. பிடிபட்டவரோ தேடப்பட்டவரை விட 9 அங்குலம் உயரம், 40 பவுண்டு எடை கூடுதல். பார்த்தாலே தெரியும் இந்த வித்தியாசத்தை விசாரிக்காமல் விட்டதற்கு தங்கள் மேல் வழக்கே போடக்கூடாது என்ற சட்டப் பாதுகாப்பை அதிகாரிகள் கோர முடியாது என்று 2016இல் 9வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

நம்மவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அப்பா பெயர் ஓர் ஆவணத்தில் குடும்பப் பெயராக இருக்கும், இன்னொன்றில் முதல் பெயராக மாறியிருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரே இல்லாதவர்களும் உண்டு. பெயர் பொருத்தத்தை நம்பும் கணினிக்கு இது நல்ல சூழல் இல்லை.

அப்படியொரு நிலை வந்தால் திமிறாதீர்கள், ஓடாதீர்கள். "வாரண்டில் இருப்பவர் நான் இல்லை. கைரேகை, படம், உயரம், எடை ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் "நான் அவனில்லை" என்பதை அவர்கள் தினமும் கேட்கிறார்கள். சரிபார்க்கக்கூடிய ஒன்றைச் சொன்னால், அதைச் சரிபார்க்காமல் விட்டது பின்னால் கேள்வியாகும். சிறையில் பதிவு செய்யும் இடத்திலும் நீதிபதி முன்னும் மறுபடி சொல்லுங்கள், யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். வழக்கின் விஷயத்தைப் பற்றி மட்டும் வக்கீல் வரும்வரை வாய் திறக்க வேண்டாம்.

அப்புறம், விட்டுவிட்டார்களே என்று வீட்டுக்குப் போய் இருந்துவிடாதீர்கள். வாரண்ட் உங்கள் பெயரில் அப்படியே நின்றால் அடுத்த போக்குவரத்துச் சோதனையில் மறுபடி மாட்டலாம். உங்கள் அடையாளத்தைத் திருடியவர் செய்த குற்றம் என்றால், கலிபோர்னியாவில் தண்டனைச் சட்டப் பிரிவு 530.6இன்படி நீங்கள் நிரபராதி என்று நீதிமன்ற உத்தரவே வாங்கலாம். அதன் சான்றிட்ட நகல் எப்போதும் காரில் இருக்கட்டும். அந்த மாநிலச் சட்டப்படி கவுண்டியிடம் இழப்பீடு கேட்பதென்றால், பொதுவாக 6 மாதத்துக்குள் மனுக் கொடுத்தாக வேண்டும்.