டொமைன் விற்பவரை நம்பலாமா? ரெஜிஸ்ட்ரியைக் கேளுங்கள்

டொமைன் பெயரை யாரும் நிரந்தரமாக வாங்குவதில்லை. டாட் காம் பெயரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதிய முடியும். அந்தப் பதிவு இருப்பது விற்பவரின் தளத்தில் அல்ல, வெரிசைன் நிறுவனம் நடத்தும் ரெஜிஸ்ட்ரியில், அதாவது டாட் காம் பெயர்களின் மையப் பதிவேட்டில். அதில் கைவைக்கும் உரிமை, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு அங்கீகரித்த ரெஜிஸ்ட்ரார்களுக்கு (பதிவு நிறுவனங்களுக்கு) மட்டுமே உண்டு. உங்களிடம் பணம் வாங்குபவர் ரெஜிஸ்ட்ராராக இருக்கலாம், அவருக்குக் கீழே மறுவிற்பனை செய்யும் ரீசெல்லராகவும் இருக்கலாம். ரீசெல்லர் என்பதாலேயே ஒருவர் ஏமாற்றுக்காரர் ஆகிவிடமாட்டார். ஆனால் தனக்கு மேலே இருப்பது எந்த ரெஜிஸ்ட்ரார் என்று கேட்டால் அவர் சொல்லியாக வேண்டும். ஒப்பந்த விதி அது. மழுப்பினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தளத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஐகேன் லோகோவைப் பொருட்படுத்த வேண்டாம். படத்தை யாரும் நகலெடுக்கலாம். ஐகேன் வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் அந்த ரெஜிஸ்ட்ராரின் பெயரும் அதற்குரிய அடையாள எண்ணான அயானா எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்தது விலை. முதல் ஆண்டுச் சலுகை வெறும் தூண்டில். ரெனியூவல் கட்டணம், காலாவதியான பெயரை மீட்கும் கட்டணம் இரண்டையும் ரெஜிஸ்ட்ரார் தளத்தில் காட்டியிருக்க வேண்டும். தேடித் தேடியும் கிடைக்கவில்லை என்றால் பின்னால் பெரிய தொகை வரும் என்று கொள்ளுங்கள்.

உண்மையான சோதனை வாங்கிய பிறகுதான். ஆகவே முக்கியமில்லாத ஒரு பெயரை முதலில் பதிந்து பாருங்கள். சில நிமிடங்களில் ஐகேனின் தேடல் பக்கத்தில் அதன் பதிவு தெரியும். பதிவு விவரங்களைத் தேடித் தந்த பழைய ஹூயிஸ் முறைக்குப் பதிலாக இப்போது ஆர்டேப் என்ற நெறிமுறைதான் இந்தத் தகவலைத் தருகிறது. முதலில் காலாவதித் தேதி. மூன்று ஆண்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஓராண்டுக்கு மட்டும் பதிந்திருந்தால் அது இங்கே அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அடுத்து ரெஜிஸ்ட்ரார் பெயர், பிறகு நிலைக் குறிகள். ‘கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்’ என்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றவிடாமல் திருட்டைத் தடுக்கும் வழக்கமான பூட்டு அது. ‘கிளையன்ட் ஹோல்டு’ இருந்தால் மட்டும் உடனே கேளுங்கள், அந்தப் பெயரில் தளமும் இயங்காது, மின்னஞ்சலும் வராது.

உரிமையாளர் யார் என்பதைப் பொதுத் தேடல் பெரும்பாலும் மறைத்துவிடும். அதற்கு வேறு வழி உண்டு. புதுப் பதிவின் தொடர்பு முகவரியை ரெஜிஸ்ட்ரார் 15 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். அந்த மடல் உங்களுக்கு வரவில்லையா? அதே ரெஜிஸ்ட்ராரிடம் அந்த முகவரியை முன்பே சரிபார்த்திருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் பெயர் வேறொருவரின் விவரத்தில் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். டொமைன் கைநழுவும் கதைகள் இப்படியும் தொடங்குவதுண்டு.

டாட் காமில் உரிமையாளர் விவரம் ரெஜிஸ்ட்ரியில் இருக்காது, ரெஜிஸ்ட்ராரிடம்தான் இருக்கும். 2007இல் ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற ரெஜிஸ்ட்ரார் சரிந்தபோது இதன் ஆபத்து தெரிந்தது. ஐகேன் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது, பெயர்கள் கோடாடிக்கு மாற்றப்பட்டன. விவரங்களின் நகலை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வைக்கும் ஏற்பாட்டை ஐகேன் தீவிரமாக நடைமுறைப்படுத்தியது அந்தக் காலத்தில்தான்.

வெளியேறும் வழியையும் சோதியுங்கள். பதிந்து 60 நாள் வரை டிரான்ஸ்ஃபருக்குத் தடை இருக்கும். அதன்பின் பூட்டை நீக்கி, மாற்றத்துக்குத் தேவையான ரகசியக் குறியீடான ஆத் கோடு கேளுங்கள். கணக்கிலேயே எடுக்க வசதி இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 நாளுக்குள் தர வேண்டும். ‘காரணம் சொல்லுங்கள்’, ‘தனிக் கட்டணம் கட்டுங்கள்’ என்று இழுத்தடிப்பவரிடம் தொழிலுக்கான பெயரை ஒப்படைக்காதீர்கள்.

காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் வர வேண்டும். தவறவிட்ட பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கட்டணம்தான் கூடுதல். அதற்குப் பின் வரும் 5 நாளில் யாராலும் எதுவும் செய்ய முடியாது, அதன் முடிவில் பெயர் பொதுவில் விடப்படும். சில விற்பனையாளர்கள் அதுவரைகூடக் காத்திருக்காமல் ஏலத்தில் விட்டுவிடுவார்கள். விதிமுறைப் பக்கத்தில் ‘ஏலம்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

இரண்டெழுத்து நாட்டுக் குறியீட்டில் முடியும் பெயர்களுக்கு ஐகேனின் இந்த விதிகள் செல்லாது. அங்கே அந்தந்த நாட்டு ரெஜிஸ்ட்ரியின் பட்டியலையும் விதிகளையும்தான் பார்க்க வேண்டும்.